செயற்கைக் கால்: எந்த பிளாஸ்டிக்?

ஜெய்ப்பூர் காலில் பாதம் ரப்பர். எஞ்சிய காலைக் கவ்விப் பிடிக்கும் சாக்கெட், பெரும்பாலும் எச்.டி.பி.இ. என்னும் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் குழாயைச் சூடாக்கி வார்ப்பின்மேல் இழுத்துச் செய்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் குழாய்களில் பலவும் இதே பிளாஸ்டிக்தான். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு பல நாடுகளில் பரப்பிய முறையிலோ சாக்கெட் பாலிபுரொப்பிலீன். போலியோ தாக்கிய காலுக்கான பிளாஸ்டிக் காலிபரிலும் அதுவே அதிகம். சாயம் ஏறிவிட்டால் இரண்டையும் பார்வையால் பிரிப்பது கடினம். தண்ணீரில் போட்டாலும் இரண்டும் மிதக்கும்.

வயலில் இறங்கி வேலை செய்பவரின் சாக்கெட் விரிசல் விட்டால் இந்த வேறுபாடு பெரிதாகிவிடும். எச்.டி.பி.இ. சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும். பாலிபுரொப்பிலீனுக்கு 160ஐத் தாண்ட வேண்டும். ஒன்றின்மேல் மற்றதை வைத்து வெல்டிங் செய்தால் சரியாகச் சேராது. பட்டறையில் பிடித்ததுபோல் இருக்கும், உடல் எடை ஏறியதும் பிரியும். விழுவது நோயாளி.

இதை ஒரு நிமிடத்தில் தீர்ப்பது எஃப்.டி.ஐ.ஆர். என்னும் அகச்சிவப்புக் கருவி. மூலக்கூறில் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்கு ஏற்ற அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். எது எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதைக் கருவி கோடாக வரைகிறது; விழுங்கப்பட்ட இடம் பள்ளமாகத் தெரியும். நகக்கண் அளவுத் துண்டை வைரப் படிகத்தின்மேல் அழுத்தினால் போதும். எச்.டி.பி.இ. என்றால் 720, 730 அலை எண்களில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள். பாலிபுரொப்பிலீனில் 1376இல் ஆழமான பள்ளம். 998, 973, 841இலும் அடையாளங்கள் உண்டு. உள்ளுறைக்குப் போடும் ஈ.வி.ஏ. நுரையை 1740இல் கண்டுகொள்ளலாம்.

ஒரு இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். எத்திலீன் கலந்த பாலிபுரொப்பிலீன் ஷீட்டும் உண்டு. அதிலும் 720க்கு அருகே சிறு பள்ளம் தெரியும். அதை மட்டும் பார்த்து எச்.டி.பி.இ. என்று எழுதிவிடக் கூடாது. 1376ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒளி ஓரிரு மைக்ரான் ஆழமே போகும் என்பதால் வியர்வையும் பசையும் படிந்த மேற்பரப்பு ஏமாற்றும். புதிதாகச் சீவிய முகத்தையே வைக்க வேண்டும். கார்பன் கலந்த கறுப்புக் குழாயில் கோடு சிதையும். அதற்கு ஜெர்மானியம் படிகம் நல்லது.

பட்டறைகளில் இந்தக் கருவி அரிது. கல்லூரி வேதியியல் துறைகள் பலவற்றில் இருக்கிறது. கால் பொருத்தும் நாளில் விளிம்பைச் சீவும்போது விழும் துண்டைக் குப்பையில் போடாமல் கோப்பில் வைத்து, நோயாளியின் அட்டையில் பிளாஸ்டிக்கின் பெயரை எழுதிக் கொடுத்தால், அடுத்த பழுதுக்குக் கருவியைத் தேடி அலையவே வேண்டியதில்லை. கால் வாங்குவோர் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கலாம்.