படகின் அடியில் நாமே போட்ட ஓட்டை

தடைக்காலம் என்றால் கரையில் ஓய்வு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகுக்கு முக்கியமான வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கிறது. போன வருடம் சித்தப்பாவின் படகைக் கரையேற்றியிருந்தபோது நானும் என்ஜின் அறைக்குள் இறங்கினேன்.

"தண்ணி உள்ள வர்றதுக்கு நாமளே போட்ட ஓட்டை எங்க இருக்கு, காட்டு பாப்போம்" என்றார்.

ஓட்டை எதற்கு? லாரி என்ஜினை ரேடியேட்டரில் படும் காற்று குளிர்விக்கிறது. படகின் என்ஜின் அறைக்குள் அந்தக் காற்று ஏது? சுற்றிலும் இருப்பது கடல்தான். ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதை நேரே என்ஜினுக்குள் விட்டால் சூட்டில் உள்ளே படிவு கட்டும், இரும்பை அரிக்கும். அதனால் என்ஜினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றும். அந்தச் சூட்டை வெப்பமாற்றியில் கடல்நீர் வாங்கிக்கொண்டு வெளியே போகும். இரண்டும் கலக்காது.

கடல்நீர் வரும் பாதை இதுதான்: அடியில் துளை, அதை ஒட்டி ஒரு வால்வு, பிறகு சல்லடை, பம்ப், வெப்பமாற்றி, கடைசியில் புகைக்குழாய். சல்லடையில் பாசி, பிளாஸ்டிக், சொறிமீன் எல்லாம் சிக்கும். அடைத்துக்கொண்டால் பம்புக்குத் தண்ணீர் வராது. பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்களுக்கு அந்தத் தண்ணீர்தான் மசகு. காய்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிப் பிய்ந்துவிடும். புது இதழ் மாட்டினால் மட்டும் போதாது. பிய்ந்த துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும். இல்லையென்றால் அவை வெப்பமாற்றியில் போய் அடைக்கும்.

இதெல்லாம் என்ஜினுக்கு வரும் ஆபத்து. ஆளுக்கு வரும் ஆபத்து துளைக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. துளை திறந்துகொண்டால், தடைகளால் குறைவதைக் கழித்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 8 டன்னுக்கு மேல்! ஹோஸ் கழன்றால் போதும், இது நடக்கும். அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப் போடுகிறார்கள்.

அன்று சித்தப்பா பழைய பித்தளை வால்வைக் கழற்றினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டினார். பிஸ்கட் மாதிரி உடைந்தது. உடைந்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடல்நீரில் துத்தநாகம் கரைந்து போய்விட, மிஞ்சியது வலுவில்லாத செம்புக் கூடு. இந்த வால்வை நம்பித்தான் போன சீசன் முழுக்க ஐந்து பேர் ராத்தங்கலுக்குப் போயிருக்கிறார்கள். சித்தப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

புதிதாக வெண்கல வால்வு போட்டார். அதன் கழுத்திலேயே துளைக்குப் பொருந்தும் ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். வால்வு உடைந்தால் அடித்து இறுக்க.

"இருட்டுல, இடுப்பளவு தண்ணியில தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்ல" என்றார்.

நீங்கள் படகில் வேலை செய்பவர் என்றால் இன்றைக்கே அந்த வால்வை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். திருகவே வரவில்லையென்றால், ஓஸ் கழன்ற அன்றைக்கும் அது மூடாது.