உப்பு காக்கும், குழாய் காக்குமா?

காற்றும் வெயிலும் மிகுந்த நாள்களில் எஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, நிலத்தடி உப்புக் குகைகளில் சேமிக்கும் முயற்சி வேகம் பெற்று வருகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டெல்டா நகருக்கு அருகே இதற்காகவே இரண்டு பெருங்குகைகள் குடையப்பட்டுள்ளன. பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், இங்கிலாந்தின் டீசைடில் 1970-களிலிருந்து ஹைட்ரஜன் இப்படித்தான் சேமிக்கப்படுகிறது என்ற பதில் வருகிறது. அந்தப் பதிலில் பாதிதான் எனக்கு ஏற்புடையது.

உப்பைப் பற்றிய பாதி உண்மை. மிகச் சிறிய மூலக்கூறான ஹைட்ரஜனைக்கூட உப்புப் பாறை ஏறத்தாழக் கசிய விடுவதில்லை. ஆழத்தின் அழுத்தத்தில் அது கெட்டிப்பாகுபோல மிக மெதுவாக நகர்வதால் சிறு விரிசல்கள் தாமே மூடிக்கொள்கின்றன. ஆனால், இதே குணம் குகையையும் சுருக்கிவிடும். மிசிசிப்பி மாநிலத்தின் எமினன்ஸில் இயற்கை எரிவாயுவுக்காகக் குடைந்த ஆழமான குகையொன்று, 1970-களின் தொடக்கத்தில் இரண்டே ஆண்டுகளில் சுமார் 40 விழுக்காடு கொள்ளளவை இழந்தது.

டீசைடில் அந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்திலுள்ள அந்த மூன்று குகைகளில், வாயுவை எடுக்கும்போதே உப்புநீரைச் செலுத்தி அழுத்தத்தை ஒரே நிலையில் வைத்திருக்கிறார்கள். காற்றாலைகளின் ஏற்ற இறக்கத்தை ஈடுசெய்ய வேண்டிய குகைகளில் உப்புநீர் செலுத்தாமல் வாயுவை மட்டும் ஏற்றி இறக்கினால், அழுத்தமும் வெப்பமும் அடிக்கடி மாறும். எனவே டீசைடின் அரை நூற்றாண்டு அனுபவம் அவற்றுக்கு நேரடிச் சான்றாகாது.

எனக்கு உப்பைவிடக் கிணற்றின் மீதே ஐயம் அதிகம். 2001 ஜனவரியில் கான்சஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் நகருக்கு வெளியே, சேமிப்புக் குகைக்கு இறங்கும் கிணற்றின் உறைக்குழாய் சேதமுற்று இயற்கை எரிவாயு கசிந்தது. பாறை அடுக்குகளின் ஊடே சுமார் 11 கிலோமீட்டர் கடந்து, நகருக்குள் கைவிடப்பட்டு மறக்கப்பட்ட பழைய உப்புநீர்க் கிணறுகளின் வழியே மேலேறி வெடித்தது. இருவர் உயிரிழந்தனர். உப்பு அன்றும் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது! ஹைட்ரஜனோ எஃகை நொறுங்கச் செய்யவல்லது. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடியது. போதாக்குறைக்கு, குகையடியில் தேங்கும் உப்புநீரில் வாழும் சில நுண்ணுயிரிகள் ஹைட்ரஜனை உண்டு, நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடை உருவாக்கும்.

பயன்பாடு முடிந்த குகையை உப்புநீரால் நிரப்பி அடைத்தாலும் கதை முடிவதில்லை. பாறையின் வெப்பத்தால் நீர் விரியும். உப்பு நகர்ந்து நெருக்கும். அழுத்தம் பல பத்தாண்டுகள் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்குள் நிறுவனம் கைமாறியிருக்கலாம், கலைந்தும் போயிருக்கலாம். அடைத்த கிணற்றைக் கண்காணிப்பவர் யார், அதற்கான பணம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை உரிமம் வழங்கும் நாளிலேயே எழுத்தில் பெற வேண்டும் என்பேன்.