பாறை நத்தையும் மனிதனின் கையும்

நத்தை என்றதும் மழைக்காலத்தில் தோட்டத்துச் சுவரில் ஊர்ந்து செல்லும் சிறு பிராணிதான் நம் நினைவுக்கு வரும். கடலிலும் நத்தைகள் உண்டு. அலைகள் ஓயாமல் மோதும் பாறைகளைப் பற்றிக்கொண்டு அவை வாழ்கின்றன. அவற்றின் வாழ்வில் மனிதனின் கை எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதைத் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் கடற்கரை நமக்குக் கற்பிக்கிறது.

அங்கே 'லோக்கோ' என்னும் பெரிய நத்தை உள்ளது. பாறைகளில் ஒட்டி வளரும் மட்டிகளும் கொட்டலசுகளுமே அதன் உணவு. அதன் சதை சுவையானது. ஆகவே கரையோர மக்கள் பன்னெடுங்காலமாக அதை எடுத்து உண்டு வந்தனர். கடல் நீர் வற்றும் வேளையில் சிலர் பாறைகளில் நடந்து பொறுக்குவர். சிலர் கடலில் மூழ்கி எடுப்பர். 1970-களில் ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதி பெருகியது. நல்ல விலை கிடைத்ததால் அளவுக்கு மீறி எடுத்தனர். நத்தைகள் அருகின.

லாஸ் குரூசெஸ் என்னும் ஊரில் சிலி பாப்பிறைக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு அதன் எதிரிலுள்ள கடற்கரைக்கு வேலியிட்டு, நத்தை பொறுக்குவோர் நுழையாமல் தடுத்தனர். பேராசிரியர் ஹுவான் கார்லோஸ் காஸ்தியாவும் அவருடைய குழுவினரும் அங்கு நடப்பதைக் கவனித்து வந்தனர்.

சில ஆண்டுகளில் வேலிக்குள் லோக்கோ பெருகியது. கறுப்புக் கம்பளம்போல் பாறையை மூடியிருந்த மட்டிகளை அது தின்று தீர்த்தது. அந்த இடத்தில் கொட்டலசுகள் வளர்ந்தன. வேலிக்கு வெளியிலோ மட்டிக் கம்பளம் அப்படியே இருந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? இயற்கையாக அமைந்தது என்று எண்ணிய காட்சியே மனிதன் நத்தைகளை அகற்றியதால் உண்டானது! ஓர் உயிரைக் குறைத்தால் மற்ற உயிர்களின் கணக்கும் மாறிவிடுகிறது.

அப்படியானால் கடற்கரை முழுவதும் வேலியிடலாமா? நத்தையை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்கள் என்ன செய்யும்? 1989-ஆம் ஆண்டு அரசு லோக்கோ பிடிப்பதை அடியோடு தடுத்தது. அத்தடை 1992 வரை நீடித்தது. ஆயினும் திருட்டுத்தனமாகப் பிடிப்பது நிற்கவில்லை. பின்னர் வேறொரு வழி பிறந்தது. 1991-ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டப்படி, மீனவர் சங்கங்களுக்குக் கடலில் தனித்தனிப் பகுதிகள் ஒப்படைக்கப்படலாயின. அப்பகுதியைக் காப்பவர்களும் அவர்களே. அளவோடு எடுப்பவர்களும் அவர்களே. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த லோக்கோவை எடுக்கக் கூடாது என்பது விதி. தம்முடையது என்று ஆனபின் காக்கும் அக்கறையும் பிறந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு எழுதிய சுற்றுமடலில் இப்பூமியை நமது பொதுவான இல்லம் என்று அழைத்தார். அந்த இல்லத்தில் நத்தைக்கும் இடம் உண்டு. நத்தை பொறுக்கும் ஏழைக்கும் இடம் உண்டு. இருவரையும் ஒருங்கே காப்பதே இறைவன் நம்மிடம் ஒப்படைத்த பொறுப்பு அன்றோ!