ஓய்வுக்குப் பின் ஒரு மர்ம நாவல்

"வாழ்நாளெல்லாம் இயந்திரங்களோடு போராடியவன் நான், எனக்கு எழுத என்ன தெரியும்?" ஓய்வு பெற்ற நம் பெரியவர்கள் பலர் இவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தவறான எண்ணம் என்பதற்கு அயல்நாட்டிலும் சான்று உண்டு; நம்மவரிடையேயும் உண்டு.

ஃப்ரீமன் வில்ஸ் க்ராஃப்ட்ஸ் 1879-இல் டப்ளின் நகரிலே பிறந்தவர். இளமையிலேயே ரயில்வேயில் பயிற்சிக்குச் சேர்ந்து, பொறியாளராக உயர்ந்தார். 1919-இல், நாற்பது வயதில், நீண்ட நோய் அவரைப் படுக்கையில் கிடத்தியது. பொழுதைப் போக்குவதற்காக ஒரு துப்பறியும் கதையை எழுதத் தொடங்கினார். லண்டன் துறைமுகத்துக்கு வந்த பீப்பாய் ஒன்றுக்குள் பிணம் இருப்பதாகத் தொடங்கும் அக்கதை, 1920-இல் 'தி காஸ்க்' என்னும் பெயரில் வெளிவந்தது. 1929-இல் உத்தியோகத்தை விட்டு முழுநேர எழுத்தாளரானார். 1957-இல் மறையும்போது முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருந்தார்.

அவருடைய வெற்றியின் இரகசியம் யாது? குற்றவாளி, "அந்த நேரத்தில் நான் வேறு ஊரில் இருந்தேன்" என்று சாதிப்பான். இன்ஸ்பெக்டர் ஃப்ரெஞ்ச் ரயில் கால அட்டவணையை விரித்து, நிமிடம் நிமிடமாகக் கணக்கிட்டு அந்தப் பொய்யை உடைப்பார். அலுவலகத்தில் கற்ற பாடமே கதைக்கு முதுகெலும்பாயிற்று.

நம்மவர் சுஜாதாவை அறியாதார் யார்? 1935-இல் சென்னையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். விமானத் துறையிலும், பின்னர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அவர் ஓய்வு வரை காத்திருக்கவில்லை. 1968-இல் 'குமுதம்' இதழில் 'நைலான் கயிறு' எழுதியபோது அவருக்கு வயது 33. பகலில் உத்தியோகமும் மற்ற வேளையில் எழுத்துமாக வாழ்ந்து காட்டினார்.

பழுது பார்ப்பவனும் துப்பறிபவனும் செய்வது ஒரே வேலைதான். இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? கடைசியாக யார் தொட்டார், எந்தப் பாகம் சூடேறியது என்று வினவி, ஒவ்வொரு காரணமாக விலக்கி, எஞ்சியதைப் பிடிக்கிறோம். கொலைகாரனைப் பிடிப்பதும் அப்படித்தானே!

களத்துக்கும் நமக்குக் குறைவில்லை. காட்பாடியில் ஏறிச் சித்தூர், பாகாலா கடந்து திருப்பதி சேரும் ரயில் பாதை இருக்கிறது. பல திசை வண்டிகள் சந்திக்கும் ரேணிகுண்டா இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததே. பாகாலாவில் இறங்க வேண்டியவர் இறங்கவில்லை. அவருடைய பெட்டி மட்டும் ரேணிகுண்டாவில் கிடக்கிறது. தொடங்குவதற்கு இது போதாதா?

எழுத விரும்புவோர்க்குச் சில யோசனைகள். முடிவை முதலில் தீர்மானியுங்கள். வாசகனிடம் எந்தத் தடயத்தையும் மறைக்காதீர்கள். ஆனால் அதன் பொருளை உடனே விளக்காதீர்கள். உங்கள் தொழிலில் நீங்கள் மட்டுமே அறிந்த ஒரு நுட்பத்தைத் திறவுகோலாக வையுங்கள். உண்மை மனிதரின் பெயரைச் சூட்டாதீர்கள்.

இதில் நம் குடும்பங்களுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. பிழைப்புக்காக இங்கே குடியேறிய நம் வீடுகளில், பேரப்பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கிறார்கள். தமிழ் அவர்கள் செவியில் விழுகிறது, கண்ணில் படுவதில்லை. "தமிழ் படி" என்று அதட்டினால் ஓடுவார்கள். தாத்தா எழுதிய கதையில் கள்வன் யார் என்று அறிய வேண்டுமானால், எழுத்துக் கூட்டியாவது படிப்பார்கள்!

நாற்பது ஆண்டு அனுபவம் ஒருவரோடு மறைந்து போவது பெரும் நஷ்டம். வீட்டுத் தமிழும் உடன் மறைந்தால் அது இரட்டை நஷ்டம். ஆகவே, பெரியோர்களே, இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் அத்தியாயத்தை எழுதி, பேரனையோ பேத்தியையோ உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "அப்புறம் என்ன ஆயிற்று, தாத்தா?" என்ற கேள்வி எழுந்தால், நீங்கள் எழுத்தாளராகிவிட்டீர்கள்.