மக்கன் புல் பொட்டிபுரத்தில் வருமா?

பஞ்சாப் மாட்டுப் பண்ணை வீடியோக்களில் வரும் 'மக்கன் புல்' விதையை வாங்கலாமா என்று போடி பக்கம் கேட்கிறார்கள். மக்கன் என்றால் இந்தியில் வெண்ணெய். பெயர்தான் புதுசு, ஆள் பழசு: ஒருபருவ ரைகிராஸ், தாவரவியலில் லோலியம் மல்டிஃப்ளோரம்.

வடக்கே ஐப்பசி வாக்கில் விதைத்து, குளிர்காலம் முழுக்க மாதம் ஒருதரம் அறுக்கிறார்கள். இலை மிருது, புரதம் நல்லாவே இருக்கும். ஆனா இது கோதுமை, ஓட்ஸ் வகை, அதாவது சி3 தாவரம். 20 டிகிரி சுற்றி செழிக்கும், 30-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். சோளம், கம்பு, நேப்பியர் சி4, வெயில்தான் அதுகளுக்குச் சாப்பாடு.

பொட்டிபுரம் மலையடிவாரம். மார்கழியிலும் பகல் வெயில் 30-ஐ ஒட்டியே நிற்கும். ரெண்டு அறுப்பு கிடைக்கலாம், மாசியில் காய்ந்துவிடும். அதற்கான கிணற்றுத் தண்ணீரைக் கோ-4 கம்பு நேப்பியருக்குப் பாய்ச்சினால் முதல் அறுப்பு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருதரம், வருடம் முழுக்க. கூடவே வேலிமசால் போட்டால் புரதக் குறையும் தீரும்.

போடிமெட்டுக்கு மேலே குளிர் உண்டு. ஆனால் ஏலக்காய்க்கு நிழல் வேணும், ரைகிராஸுக்கு வெளிச்சம் வேணும். திறந்த மேட்டு நிலம், தண்ணீர் ரெண்டும் இருந்தால் அஞ்சு சென்டில் போட்டுப் பார்க்கலாம். இளம்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். வைக்கோல் கலக்காமல் போட்டால் மாடு கழியும். யூரியா போட்ட கையோடு அறுக்கவும் கூடாது, புல்லில் நைட்ரேட் ஏறியிருக்கும்.