கழுத்துச் சிரைகளுக்கான அல்ட்ராசவுண்ட் பரிசோதனை: தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் அறிய வேண்டியவை

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகியவற்றில் தோன்றுபவை தலை, கழுத்துப் புற்றுநோய்கள் எனப்படும். புகையிலையும் மதுவும் இவற்றின் முதன்மைக் காரணங்கள். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பகுதிப் பட்டாசு ஆலைகளுக்குள் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் இடமில்லை. அதற்கு மாற்றாகப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வது பாதுகாப்பானதன்று. வாய்ப் புற்றுநோய்க்கு அது நேரடிக் காரணமாகும்.

சிரைகளை ஏன் ஆராய வேண்டும்?

மூளை, முகம், கழுத்து ஆகியவற்றின் இரத்தத்தை இதயத்திற்குக் கொண்டுசெல்பவை, கழுத்தின் இருபுறமும் உள்ள உட்கழுத்துச் சிரைகள். புற்றுநோய் பரவிய நெறிக்கட்டிகள் இவற்றை ஒட்டியே வளர்வதால் சிரை நசுங்கலாம் அல்லது புற்று அதன் சுவரில் ஊடுருவலாம்.

1906இல் ஜார்ஜ் கிரைல் விவரித்த கழுத்து அறுவை முறையில் இச்சிரையும் அகற்றப்பட்டது. இன்று இயன்றவரை அது காக்கப்படுகிறது. ஒருபுறச் சிரையை அகற்ற நேர்ந்தால் மறுபுறச் சிரையே பெரும் சுமையைத் தாங்க வேண்டும். எனவே அது நன்றாக இயங்குகிறதா என்பதை முன்கூட்டியே அறிதல் அவசியம்.

புற்றுநோய், அறுவை சிகிச்சை, கீமோதெரபிக்காகச் சிரையில் பொருத்தும் குழாய் ஆகியவற்றால் சிரைக்குள் இரத்தம் உறையவும் கூடும். அவ்வுறைகட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பரிசோதனை எவ்வாறு நடைபெறும்?

நோயாளியைப் படுக்கவைத்து, கழுத்தில் பசை தடவி, கருவியை மெல்ல நகர்த்துவர். நலமான சிரை லேசாக அழுத்தினாலே தட்டையாகிவிடும்; உறைகட்டி இருந்தால் அவ்வாறு ஆகாது. மூச்சை அடக்கி முக்கச் சொல்லும்போது சிரை விரிகிறதா என்பதையும், டாப்ளர் முறையில் இரத்த ஓட்டத்தையும் காண்பர். இதில் வலியோ கதிர்வீச்சோ இல்லை. வெறும் வயிற்றில் வரத் தேவையுமில்லை. காறை எலும்புக்குப் பின்னுள்ள பகுதி தெளிவாகத் தெரியாததால், சிலருக்கு சி.டி. ஸ்கேனும் தேவைப்படும்.

கவனிக்க வேண்டியவை

• சிகிச்சைக்குப் பின் ஒருபுறக் கழுத்து, முகம், கை ஆகியவற்றில் புதிதாக வீக்கமோ வலியோ தோன்றினால், அன்றே மருத்துவரிடம் காட்டவும்.
• வீங்கிய கழுத்தில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுதல், சுளுக்கு எடுத்தல் ஆகியவை கூடவே கூடாது.
• இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.
• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஏற்பட்டால் உடனே 108 எண்ணை அழைக்கவும்.

வாயில் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, கழுத்தில் கரையாத கட்டியோ இருந்தால், கூலி போகுமே எனத் தள்ளிப்போடாமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம். மேலும் விவரங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம்.