33-ஆ, 37-ஆ? பிரவுசரின் வேடம் கலையும் இடம்

2021 ஜூனில், அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிலிருந்து 780 ஜிபி தரவு களவுபோனது. 'ஃபிஃபா 21' விளையாட்டின் மூல நிரலும் அதில் அடக்கம். திருடியவர்கள் பத்திரிகையாளர்களிடம் சொன்ன கணக்குப்படி, இதற்கு அவர்கள் போட்ட முதல் வெறும் 10 டாலர். அந்தக் காசுக்கு வாங்கியது பாஸ்வேர்டு அல்ல, ஒரு குக்கீ. 'இவர் ஏற்கெனவே லாகின் செய்தவர்' என்று இணையதளத்துக்கு நினைவூட்ட, பிரவுசர் தன்னிடம் வைத்திருக்கும் சின்னக் குறிப்பு அது. அதைக் காட்டி நிறுவனத்தின் உள் அரட்டைக்குள் நுழைந்தார்கள். பார்ட்டியில் போன் தொலைந்துவிட்டது என்று ஐடி பிரிவிடம் கதைவிட்டு, மிச்ச அனுமதியையும் வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட சரக்குக்கென்றே ஒரு சந்தை இருந்தது. பெயர் ஜெனசிஸ் மார்க்கெட். 2018-இல் தொடங்கிய இந்தக் கள்ளச் சந்தையில், வைரஸ் தாக்கிய 15 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளிலிருந்து சுருட்டிய தகவல்கள் விற்கப்பட்டதாக அமெரிக்க நீதித் துறை கூறியது. விலை 70 சென்ட்டில் தொடங்கி சில நூறு டாலர் வரை. பாஸ்வேர்டு, குக்கீ ஆகியவற்றோடு, பறிகொடுத்தவரின் பிரவுசருடைய 'கைரேகை'யும் பொட்டலத்தில் இருக்கும். அதை அப்படியே அணிந்துகொள்ளத் தனி பிரவுசர் ஒன்றையும் கடைக்காரர்களே தயாரித்துக் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் 17 நாடுகளின் போலீஸார் சேர்ந்து இந்தச் சந்தையை மூடினார்கள். 119 பேர் கைதானார்கள்.

பிரவுசருக்கு ஏது கைரேகை?

ஒரு பக்கத்தைத் திறந்ததும் பிரவுசர் தன்னைப் பற்றி நிறையவே பேசிவிடுகிறது. தன் பெயர், பதிப்பு, திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, கணினியில் உள்ள எழுத்துருக்கள், கிராஃபிக்ஸ் சிப்பின் வகை எல்லாமே வெளியே வந்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் லட்சக்கணக்கானோருக்குப் பொதுவானவை. சேர்த்துப் பார்த்தால் ஆளை அடையாளம் காட்டிவிடும். மின்னணு உரிமைகளுக்காகப் போராடும் இ.எஃப்.எஃப். அமைப்பின் பீட்டர் எக்கர்ஸ்லி 2010-இல் சுமார் 4.7 லட்சம் பிரவுசர்களைச் சோதித்தார். அவற்றில் 83.6 சதவீதத்தின் கைரேகை, வேறெதனோடும் ஒத்துப்போகவில்லை.

வங்கிகளும் மின்னஞ்சல் சேவைகளும் இதைத்தான் கவனிக்கின்றன. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் பிரவுசர் புதிதாகத் தெரிந்தால் ஓடிபி கேட்பார்கள். அதனால்தான் திருடனுக்கு வேடம் தேவைப்படுகிறது.

வேடத்தைக் கலைக்க, பிரவுசர் சொல்லும் பெயரை மட்டும் கேட்டுப் பயனில்லை. அதை மாற்ற ஒரு வரி போதும். தவிர, அந்தப் பெயர்ப்பலகை ஆதியிலிருந்தே பொய்தான். 1990-களில் நெட்ஸ்கேப் பிரவுசருக்குக் கிடைத்த பக்கங்கள் தனக்கும் கிடைக்க வேண்டும் என்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதைப் போலவே 'மொசில்லா' என்று சொல்லிக்கொண்டது. இன்றும் குரோம், சஃபாரி உள்பட முக்கிய பிரவுசர்கள் எல்லாம் 'மொசில்லா/5.0' என்றே பேச்சைத் தொடங்குகின்றன. விண்டோஸ் 11 கணினியில் ஓடும் குரோமும் தன்னை விண்டோஸ் 10 என்றுதான் சொல்லும்.

எனவே புலனாய்வுக்காரர்கள் பல சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து, எங்கே முரண் என்று பார்க்கிறார்கள். பிரவுசருக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 'ஈவல்' என்றொரு உள்ளமைந்த கட்டளை உண்டு. 'உன் நிரலை எழுத்தில் காட்டு' என்று கேட்டால், குரோம் ஒரே வரியில் 33 எழுத்துகளில் பதில் தரும். ஃபயர்பாக்ஸ் அதையே மூன்று வரியாக உடைத்து, நான்கு இடைவெளி விட்டு எழுதும்; எண்ணினால் 37. ஆக, குரோம் என்று அறிமுகம் செய்துகொண்ட பிரவுசரிடமிருந்து 37 வந்தால், ஏதோ சரியில்லை.

கடிகாரமும் காட்டிக்கொடுக்கும். சென்னைவாசி ஒருவரின் கணக்கைத் திறக்க, வெளிநாட்டுத் திருடன் சென்னை ஐ.பி. முகவரி ஒன்றை வாடகைக்கு எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்திய நேரத்தில் இருக்கும் பிரவுசர், உலகப் பொது நேரத்தோடு உள்ள வித்தியாசத்தை 'மைனஸ் 330 நிமிடம்' என்று சொல்லும். திருடனுடையது 'மைனஸ் 180' என்றால், முகவரி சென்னையில், கடிகாரம் மாஸ்கோவில்.

பக்கம் திறப்பதற்கு முன்பே சிக்குகிறவர்களும் உண்டு. பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது, எந்தெந்தக் குறியாக்க முறைகள் தனக்குத் தெரியும் என்று பிரவுசர் ஒரு பட்டியல் நீட்டும். அந்தப் பட்டியலை வைத்தே மென்பொருளை இனம்காணும் ஜேஏ3 என்ற முறையை சேல்ஸ்ஃபோர்ஸ் பொறியாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். குரோம் வேடமிட்ட பைதான் நிரல்கள் பல இங்கேயே மாட்டிக்கொள்கின்றன.

பதில்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவந்தால்? அதற்காக 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் பிகாசோ என்ற முறையை முன்வைத்தார்கள். சர்வர் ஒவ்வொரு முறையும் புதுப் புது வடிவங்களை வரையச் சொல்லும். ஒரே வட்டத்தை விண்டோஸ் குரோமும் ஐபோன் சஃபாரியும் வரைந்தால், விளிம்பில் சில புள்ளிகளின் நிறம் நூலிழை வேறுபடும். நேற்றைய படத்தை இன்று காட்டித் தப்ப முடியாது.

ஆனால், முரண்பட்டவரெல்லாம் திருடர் அல்ல. விபிஎன் போட்ட பயணியின் கடிகாரமும் முகவரியோடு ஒத்துப்போகாது. டோர், பிரேவ் போன்ற பிரவுசர்கள் தனியுரிமைக்காக வேண்டுமென்றே கைரேகையை மறைக்கின்றன. அதனால் பல நிறுவனங்கள் ஒரே முரணை வைத்துக் கதவைச் சாத்துவதில்லை. சந்தேகத்துக்கு மதிப்பெண் போட்டு, கூடினால் ஓடிபி, எல்லை தாண்டினால் தடை என்று போகின்றன.

ஜெனசிஸில் விற்றதுபோல முழுப் பொட்டலமும் கைமாறினால், எல்லாச் சாட்சிகளும் ஒரே குரலில் பேசக்கூடும். முரண் தேடுகிறவருக்கு அங்கே வேலை குறைவு. இதற்கு கூகுள் 2024 ஏப்ரலில் அறிவித்த வழி வேறு மாதிரியானது. லாகின் செய்யும்போதே கணினியின் பாதுகாப்புச் சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவி உருவாகும். குக்கீயின் ஆயுள் சில நிமிடங்கள்தான். புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் அந்தச் சாவியால் கையெழுத்திட வேண்டும். குக்கீயைத் தூக்கிக்கொண்டு போகலாம், சிப்பைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதன் பிறகு திருடனுக்கு மிஞ்சுவது ஒரே வழி: பறிகொடுத்தவரின் கணினிக்குள்ளேயே வைரஸாக உட்கார்ந்து, அவருடைய அசல் பிரவுசரையே இயக்குவது.